இறந்த மீன்களின் வம்சாவளி: சால்மனின் கணைய நோயும் ஒரு மரபணு இடமும்

முட்டையிலிருந்து வெளிவந்த சால்மன் குஞ்சுக்கு முதல் சில வாரங்கள் சாப்பாட்டுக் கவலை கிடையாது. வயிற்றில் தொங்கும் மஞ்சள்கருப் பைதான் சோறு. அந்தப் பை வற்றி, குஞ்சு முதல்முறையாக வாயைத் திறந்து தீவனத்தைக் கொத்தும்போது அதன் எடை ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஐபிஎன் என்ற நோய் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் வருகிறது. குஞ்சுகள் கருத்துப்போகும், வயிறு உப்பும், கண் பிதுங்கும். திருகாணி இறங்குவதுபோலச் சுற்றிச் சுற்றி நீந்திவிட்டுத் தொட்டியின் அடியில் போய்க் கிடக்கும். பின்துவாரத்தில் வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்கும். கடுமையான தாக்குதலில் ஒரு தொட்டியில் 90 சதவீதம் வரை செத்துப்போவதும் உண்டு.

இந்த நோயை நார்வேயும் ஸ்காட்லாந்தும் எப்படி எதிர்கொண்டன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வளர்ப்பு மீனை வைரஸ் தாங்கும்படி இனவிருத்தி செய்ய முடியுமா என்று யார் கேட்டாலும் முதலில் காட்டப்படுவது இந்த நிகழ்வுதான். அந்தப் பெருமைக்கு அது தகுதியானதே. ஆனால் இதைப் பெரும்பாலும் "ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், நோய் ஒழிந்தது" என்று இரண்டே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தச் சுருக்கத்தில் விட்டுப்போவதுதான் நமக்கு உண்மையில் தேவையானது என்று நினைக்கிறேன்.

வைரஸும் அதன் பிடிவாதமும்

ஐபிஎன் என்பதைத் தமிழில் தொற்றும் கணைய அழிவு நோய் எனலாம். செரிமான நீரைச் சுரக்கும் கணையச் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போவதால் இந்தப் பெயர். கல்லீரலும் குடலும் சேர்ந்தே கெடும். நோய் முதலில் கவனிக்கப்பட்டது வட அமெரிக்காவில், சால்மனின் உறவினமான டிரவுட் மீனின் பொரிப்பகங்களில். 1960-இல் இந்த வைரஸைச் செல் வளர்ப்பில் பிரித்தெடுத்தார்கள். மீனிலிருந்து அப்படிப் பிரிக்கப்பட்ட முதல் வைரஸ் இதுதான். நார்வேயில் அது 1975-இல் வானவில் டிரவுட்டில் தென்பட்டது. அப்புறம் சால்மன் தொழில் வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது.

இந்த வைரஸுக்கு மேலுறை கிடையாது. கொழுப்பாலான அந்த உறை இருக்கிற வைரஸ்கள் சோப்பிலும் வெயிலிலும் சீக்கிரம் சிதைந்துவிடும். இதற்கு வெறும் புரதக் கூடுதான், அதனாலேயே கெட்டி. தண்ணீரில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். மற்ற மீன் வைரஸ்களைக் கொல்லப் போதுமான புறஊதாக் கதிர் இதற்குப் போதாது. தாக்குதலில் பிழைத்த மீன்கள் பார்வைக்கு நல்ல மீன்களாகவே இருக்கும், ஆனால் பல காலம் வைரஸைச் சுமந்து திரியும். சினைக்கு வரும்போது முட்டை வழியாகவும் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடும்.

சால்மனின் வாழ்வில் இரண்டு சமயங்களில் இது பாய்கிறது. ஒன்று, மேலே சொன்ன முதல் தீவன நாட்கள். இன்னொன்று, நன்னீரில் வளர்ந்த இளமீன்களைக் கடல் கூண்டுகளுக்கு மாற்றிய முதல் சில வாரங்கள். உப்புத் தண்ணீருக்கு உடலை மாற்றிக்கொள்ளும் அந்த நேரத்தில் மீன் ஏற்கெனவே களைத்திருக்கும். பண்ணைக்காரரின் கணக்கில் இந்த இரண்டாவது அடிதான் பெரியது. ஒரு வருடத்துக்கும் மேலாகத் தீவனம் போட்டு, தடுப்பூசி போட்டு, படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய் விட்ட மீன் அது.

தடுப்பூசி இருக்கத்தான் செய்தது. எண்ணெயில் கலந்து வயிற்றில் போடும் ஊசி. ஒவ்வொரு மீனாகப் பிடித்து மயக்கி ஊசி போட வேண்டும், அதற்கு மீன் ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். அரிசி மணி அளவு வயிறுள்ள குஞ்சுக்கு ஊசியை எங்கே போடுவது? ஆக, முதல் தாக்குதலுக்குத் தடுப்பூசி வழியே கிடையாது. இரண்டாவதிலும் அது கொடுத்த காப்பு நம்பி இருக்கும்படி இல்லை. பொரிப்பகங்களைக் கழுவினார்கள், கிருமி நீக்கினார்கள், தாய்மீன்களைச் சோதித்துக் கழித்தார்கள். சில பொரிப்பகங்களில் வைரஸ் குழாய்ப் படிவுகளிலேயே குடியேறி, ஒவ்வொரு வருடமும் புதிய குஞ்சுகளைப் பிடித்தது.

பண்ணைக்கு முன்னால் குறிப்பேடு

நார்வே இனவிருத்தியின் தொடக்கத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஹரால்ட் ஷெர்வோல்ட், ட்ரூக்வே யெட்ரெம் என்ற இருவரும், மாடு, ஆடு, பன்றிகளில் செய்துவந்த இனவிருத்தியை மீனில் செய்து பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். நார்வேயின் சுமார் 40 ஆறுகளிலிருந்து சால்மன் முட்டைகளைத் திரட்டி, சுண்டால்சோரா என்ற இடத்தில் நிலையம் அமைத்தார்கள். முதலில் பார்த்தது வளர்ச்சியைத்தான். ஒரு தலைமுறைக்குச் சுமார் 10 சதவீதமோ அதற்கும் மேலோ வளர்ச்சி வேகம் கூடியது.

இந்த வேலையின் உயிர்நாடி குடும்பப் பதிவு. ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் சேர்த்து வரும் குஞ்சுகளைத் தனித் தொட்டியில் வளர்க்க வேண்டும். அடையாளம் இடும் அளவுக்கு அவை வளர்ந்த பிறகுதான் மற்றவற்றோடு கலக்கலாம். ஒவ்வொரு மீனுக்கும் அப்பா யார், அம்மா யார், தாத்தா பாட்டி யார் என்று எழுதி வைக்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான குடும்பங்கள், ஒவ்வொரு தலைமுறையும். சால்மனுக்கு ஒரு தலைமுறை என்பது மூன்று நான்கு வருடம். இன்று தொடங்கினால் பலன் தெரியப் பத்து வருடமாகும் வேலையை யாரோ பொறுமையாகச் செய்துகொண்டே இருந்தார்கள்.

1990-களில் நோயெதிர்ப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. நோயெதிர்ப்பை அளப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வளர்ச்சி வேண்டுமென்றால் மீனைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அதையே தாய்மீனாக எடுத்துக்கொள்ளலாம். நோயைத் தாங்குமா என்று பார்க்க அதற்கு வைரஸைக் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுத்த மீன் பிழைத்தாலும் கிருமி சுமப்பது. அதைப் பொரிப்பகத்துக்குள் திரும்ப விட முடியாது. அதனால் உடன்பிறப்புகளைச் சோதித்தார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் கொஞ்சம் குஞ்சுகளை எடுத்து, தனியான சோதனை நிலையத்துக்கு அனுப்பி, வைரஸ் கலந்த நீரில் விடுவார்கள். எந்தக் குடும்பத்தில் எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். குறைவாகச் செத்த குடும்பத்தின், சோதனைக்கே போகாத அண்ணன் தம்பி அக்கா தங்கைகளைத் தாய்மீனாக வைத்துக்கொள்வார்கள்.

ஐபிஎன்னுக்கு இதைச் செய்தபோது குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. சில குடும்பங்கள் கிட்டத்தட்ட முழுக்கச் செத்தன, சிலவற்றில் ஒன்றிரண்டுதான் போயின. மரபுவழிப் பங்கு நோயெதிர்ப்புப் பண்புகளுக்கு அபூர்வமான அளவில் உயர்ந்திருந்தது. எதிர்ப்புள்ள பெற்றோரின் குஞ்சுகளையும் எதிர்ப்பற்ற பெற்றோரின் குஞ்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் சாவு எண்ணிக்கையில் வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. அதாவது, எந்த மரபணு என்று ஒருவருக்கும் தெரியாத காலத்திலேயே இனவிருத்தி வேலை செய்தது. ஜப்பானிலும் வானவில் டிரவுட்டில் ஐபிஎன் தாங்கும் வம்சத்தைத் தேர்ந்தெடுத்து உருவாக்கி, 2001-இல் அதற்குப் பின்னாலுள்ள மரபணு இடங்களைத் தேடிய ஆய்வையும் வெளியிட்டிருந்தார்கள்.

ஆனால் உடன்பிறப்புச் சோதனையில் ஒரு குறை இருக்கிறது. ஒரே குடும்பத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒரே மதிப்பெண் போடுகிறது. நம் வீடுகளில் பார்க்கிறோமே, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் மழையில் நனைந்தாலே படுத்துவிடுவான், இன்னொருவனுக்கு ஒன்றும் ஆகாது. மரபு வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி குடும்பத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. அந்தப் பாதியைத் தொட வழி இல்லாமல் இருந்தது.

இரண்டு குழுக்கள், ஒரே இடம்

ஸ்காட்லாந்தில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. அங்கே லேண்ட்கேட்ச் என்ற இனவிருத்தி நிறுவனத்தின் மீன்கள் கடலுக்கு மாற்றப்பட்ட பிறகு ஐபிஎன் தானாகவே வந்து தாக்கியது. எல்லா மீனுக்கும் அடையாளம் இருந்ததால் எது செத்தது, எது பிழைத்தது, யாருடைய பிள்ளை என்பதெல்லாம் பதிவாயின. எடின்பரோ அருகில் உள்ள ரோஸ்லின் நிறுவனத்தின் ராஸ் ஹூஸ்டனும் உடன் பணிபுரிந்தவர்களும் அந்தப் பதிவுகளை வைத்து மரபணு வரைபடத் தேடலைச் செய்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது.

அவர்கள் பயன்படுத்திய உத்தி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பொதுவாகக் குரோமோசோம்கள் பிள்ளைக்குப் போகும் முன் ஜோடிகளுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். சால்மனில் ஆண் மீன்களிடம் இந்த மாற்றம் மிகக் குறைவு, குரோமோசோமின் பெரும்பகுதி அப்படியே போகும். பாகப்பிரிவினை செய்யாமல் சொத்தை மொத்தமாகக் கொடுக்கிற அப்பா மாதிரி. பெண் மீன்கள் நன்றாகவே துண்டு மாற்றிக் கொடுக்கும். அதனால் முதலில் அப்பா வழியைப் பார்த்தார்கள். ஒரு குரோமோசோமுக்கு ஒன்றிரண்டு மார்க்கர் (டிஎன்ஏ-வில் இடத்தைக் காட்டும் அடையாளம்) இருந்தாலே போதும், எந்தக் குரோமோசோமில் விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்தக் குரோமோசோமில் மட்டும் நிறைய மார்க்கர் போட்டு, அம்மா வழியில் எந்தப் பகுதி என்று நெருங்கினார்கள். சால்மனின் முழு மரபணுத் தொகுதி வெளியானது 2016-இல்தான். அதற்கு எட்டு வருடம் முன்னால், கையில் இருந்த சில மார்க்கர்களை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள்.

அதே நேரத்தில் நார்வேயில் தாமஸ் மோயனும் குழுவினரும் நன்னீர்க் குஞ்சுகளில், ஆய்வகச் சோதனை முறையில் தேடிக்கொண்டிருந்தார்கள். 2009-இல் அவர்கள் சொன்ன இடமும் ஸ்காட்லாந்துக் குழு சொன்ன இடமும் ஒன்றே: இன்று 26-ஆம் குரோமோசோம் என்று எண்ணிடப்பட்டிருப்பது. வேறு நாடு, வேறு வம்சம், வேறு தண்ணீர், வேறு வயது. ஒரு பக்கம் இயற்கையாக வந்த நோய், மறுபக்கம் வேண்டுமென்றே கொடுத்த நோய். இரண்டும் ஒரே புள்ளியில் வந்து நின்றன.

மோயன் குழுவின் கணக்குப்படி, மீன்களுக்கிடையே தெரிந்த மொத்த வேறுபாட்டில் 29 சதவீதமும், அதில் மரபுவழியான பகுதியை மட்டும் எடுத்தால் 83 சதவீதமும் இந்த ஒரே இடத்தால் விளக்கப்படுகிறது. இனவிருத்தி தெரிந்தவர்களுக்கு இது அசாதாரணமான எண். வளர்ச்சி, உடல் எடை போன்ற பண்புகளில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கைகொடுக்கும். மீனின் தோலில் ஒட்டி வாழும் கடல்பேனுக்கு எதிர்ப்பும் அப்படித்தான். இங்கே ஆறில் ஐந்து பங்கு ஒரே முகவரியில் இருந்தது. இந்த மாதிரி இடத்துக்குத் துறையில் கியூடிஎல் என்று பெயர். நார்வேப் பண்ணைக்காரர்கள் பேச்சிலும் அந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டது. "கியூடிஎல் முட்டை" என்று கேட்டு வாங்கினார்கள்.

துடுப்பு நுனியில் தேர்வு

இடம் தெரிந்ததும் வேலை எளிதானது. சால்மனின் முதுகில், வாலுக்கு முன்னால் ஒரு சின்னக் கொழுப்புத் துடுப்பு உண்டு. அதில் நகத்துணுக்கு அளவு வெட்டி எடுத்தால் போதும், அந்த மீனிடம் எதிர்ப்பு வடிவம் இரண்டு பிரதி (அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று) இருக்கிறதா, ஒன்றா, ஒன்றுமே இல்லையா என்று தெரிந்துவிடும். குடும்பத்துக்குள் எந்தப் பிள்ளை என்ற பழைய முட்டுக்கட்டை உடைந்தது. தேர்ந்தெடுத்த மீனுக்கு வைரஸைக் காட்டவே தேவையில்லை.

ஒரு ஆணின் விந்து பல ஆயிரம் முட்டைகளைக் கருவுறச் செய்யும். ஆகவே இரண்டு பிரதியும் உள்ள ஆண்களை மட்டும் பயன்படுத்தினாலே விற்கிற ஒவ்வொரு முட்டைக்கும் குறைந்தது ஒரு பிரதி உறுதி. அக்வாஜென் நிறுவனம் 2009-இல் இப்படிப்பட்ட முட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆராய்ச்சிக் கட்டுரை வந்த அதே ஆண்டு! மற்ற இனவிருத்தி நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

மரபணுவை யாரும் மாற்றவில்லை, வெளியிலிருந்து எதையும் புகுத்தவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எதிர்ப்பு வடிவம் ஆற்றிலிருந்து வந்த மீன்களிடமே இருந்தது. அதைச் சுமந்த மீன்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

நார்வே கால்நடை நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் மீன் நல அறிக்கைகளில் மாற்றம் அப்படியே தெரிகிறது. 2009-இல் ஐபிஎன் கண்டறியப்பட்ட பண்ணைகளும் பொரிப்பகங்களும் 223. 2010-இல் 198, 2011-இல் 154, 2012-இல் 119. 2013-இல் 56 ஆக விழுந்து, 2015-இல் 30-க்கு வந்தது. பின்வந்த சில ஆண்டுகளில் 20-ஐ ஒட்டியே இருந்தது. இந்த ஆண்டுகளில் நார்வேயின் சால்மன் உற்பத்தி பத்து லட்சம் டன்னைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீன் கூடியது, நோய் குறைந்தது.

இந்த முழுப் பெருமையும் முட்டைக்கே சேராது. அதே காலத்தில் பொரிப்பகங்களில் குடியேறியிருந்த வைரஸ் வகைகளைத் தேடித் தேடி ஒழித்தார்கள். குழாய்களையும் தொட்டிகளையும் அடியோடு சுத்தம் செய்தார்கள். நார்வே அறிக்கைகளே இரண்டையும் சேர்த்துத்தான் காரணமாகச் சொல்கின்றன. எனக்குத் தோன்றுவது: எதிர்ப்புள்ள குஞ்சுகள் வந்ததும் வைரஸ் பெருகும் இடம் சுருங்கியது, அதனால் சுத்தம் செய்த வேலையும் முதல்முறையாக நிலைத்து நின்றது. ஒன்றை மற்றொன்று தாங்கியது.

பூட்டு எது என்பதில் வழக்கு

அந்த 26-ஆம் குரோமோசோமில் உண்மையில் என்ன இருக்கிறது? 2015-இல் மோயன் குழு ஒரு பதில் சொன்னது. இ-கேடரின் என்ற புரதத்துக்கான மரபணு அங்கே இருக்கிறது. செல்லும் செல்லும் ஒட்டிக்கொள்ள உதவும் புரதம் அது, செல்லின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வைரஸ் துகள்கள் அதோடு ஒட்டுவதைக் காட்டினார்கள். எதிர்ப்பில்லாத மீனின் செல்களில் வைரஸும் இந்தப் புரதமும் ஒரே இடத்தில் தென்பட்டன, எதிர்ப்புள்ள மீனின் செல்களில் அப்படித் தென்படவில்லை. வைரஸ் உள்ளே நுழையும் கதவின் கைப்பிடி இதுதான், எதிர்ப்புள்ள மீனில் கைப்பிடியின் வடிவம் வேறு, என்பது அவர்கள் விளக்கம். அழகான விளக்கம். நானும் பல காலம் அதையே எடுத்துச் சொல்லிவந்தேன்.

2021-இல் ரோஸ்லின் குழு வேறொன்றைச் சொன்னது. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் செல்களில் இ-கேடரின் மரபணுவைச் செயலிழக்கச் செய்தார்கள். வைரஸ் பாட்டுக்கு முன்போலவே நுழைந்து பெருகியது. பக்கத்திலேயே இருக்கும் என்ஏஇ1 என்ற இன்னொரு மரபணுவை முடக்கியபோது வைரஸின் பெருக்கம் வெகுவாகக் குறைந்தது. இந்த மரபணு செல்லுக்குள் மற்றப் புரதங்களுக்கு ஒரு சின்ன இணைப்பை ஒட்டும் வேலையைத் தொடங்கி வைப்பது. அந்த வேலையை மருந்தால் தடுத்தாலும் அதே பலன் கிடைத்தது. அப்படியானால் விஷயம் கதவில் இல்லை, வீட்டுக்குள் வைரஸ் பயன்படுத்திக்கொள்ளும் ஏதோ ஒரு கருவியில் இருக்கிறது.

இரண்டு மரபணுக்களும் அருகருகே இருப்பதால் ஒன்றின் மார்க்கர் மற்றொன்றுக்கும் மார்க்கராகிவிடுகிறது. ஆய்வகத்துச் செல்லில் கண்டது முழு மீனுக்கும் பொருந்துமா என்ற கேள்வியும் உண்டு. என் மனம் இப்போது என்ஏஇ1 பக்கம் சாய்கிறது, ஏனென்றால் முடக்கிப் பார்த்த சோதனை, ஒட்டியிருப்பதைப் பார்த்த சோதனையைவிடக் கனமானது.

ஆனால் இந்த வழக்கு யார் பக்கம் தீர்ந்தாலும் பண்ணையில் ஒன்றும் மாறப்போவதில்லை. 2009-இல் முட்டை விற்றவர்களுக்கு இந்த இரண்டில் எது என்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மார்க்கர் உள்ள மீன் பிழைக்கிறது, இல்லாத மீன் சாகிறது என்பதுதான். அந்த அறிவு வந்தது குடும்பப் பதிவிலிருந்தும் சாவுக் கணக்கிலிருந்தும். மரபணுவின் பெயர் தெரியாமலே நோய் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மரபணு என்றாலே பெரிய இயந்திரமும் பெரிய பணமும் என்று நம் ஊரில் மலைத்துப்போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

வைரஸ் பதில் சொன்னபோது

ஒரே மரபணுவை நம்பினால் என்ன ஆகும் என்பதை நெல் விவசாயிகள் 50 வருடம் முன்பே பார்த்துவிட்டார்கள். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-இல் ஐஆர் 26 ரகத்தை வெளியிட்டது. புகையான் பூச்சியைத் தாங்க அதில் இருந்தது ஒற்றை மரபணு. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதைச் சாப்பிடக் கற்ற புகையான் வகை பெருகிவிட்டது. 1976-இல் வேறொரு எதிர்ப்பு மரபணுவோடு ஐஆர் 36 வந்தது. நம் வயல்களிலும் அது ஓடியது.

சால்மனில் அந்த நாள் வரப் பத்து வருடம் ஆனது. 2019-இல் நார்வேயில் ஒரு நோய்த்தாக்குதல். செத்த மீன்களைச் சோதித்தபோது அவற்றிடம் எதிர்ப்பு வடிவம் இரண்டு பிரதியும் இருந்தது. பிழைத்திருக்க வேண்டிய மீன்கள் அவை. அவற்றிலிருந்து பிரித்த வைரஸின் மரபு வரிசையைப் பழைய வகைகளோடு ஒப்பிட்டார்கள். வெளிக்கூட்டின் முக்கியப் புரதமான விபி2-இல், வைரஸ் வழக்கமாக அடிக்கடி மாற்றிக்கொள்ளும் பகுதியில், புதிய மாற்றங்கள் இருந்தன. 2021-இல் வெளியான அந்த ஆய்வின் தலைப்பே, மரபுரீதியாக எதிர்ப்புள்ள மீன்களிலும் பெருஞ்சாவை ஏற்படுத்தக்கூடிய புதிய வைரஸ் வகை என்று சொல்கிறது.

மொத்தத்தில் நோய் 2009-இன் நிலைக்குத் திரும்பிவிடவில்லை. ஆனால் கிட்டத்தட்ட ஒரு தேசத்தின் மீன் முழுவதும் ஒரே பூட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, அந்தப் பூட்டைத் திறக்கிற ஒரு வைரஸுக்கு எத்தனை கோடி மீன்கள் காத்திருக்கின்றன என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. இதில் என் குறை ஒன்றுண்டு. கியூடிஎல் முட்டை வெற்றி பெற்ற ஆண்டுகளில் ஐபிஎன் பற்றிய கவனம் தொழிலில் தளர்ந்தது. ஐபிஎன் அல்லாத வேறொரு கணைய நோய், இதயத் தசை நோய், கடல்பேன் என்று வேறு தலைவலிகள் இருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் எதிர்ப்பு மீன் வந்த அன்றைக்கே, அதை மீறும் வைரஸைத் தேடும் கண்காணிப்பும் தொடங்கியிருக்க வேண்டும். எதிர்ப்புள்ள மீன் செத்தால் உடனே வைரஸைப் பிரித்துப் பார்ப்பது அந்தக் கண்காணிப்பின் முதல் விதி.

இனி ஒற்றை இடத்தோடு நிற்க முடியாது. மிச்சமிருக்கும் மரபு வேறுபாடு பல மரபணுக்களில் சிறிது சிறிதாகப் பரவிக் கிடக்கிறது. மரபணுத் தொகுதி முழுவதும் ஆயிரக்கணக்கான மார்க்கர்களை ஒரே நேரத்தில் பார்த்து மதிப்பெண் போடும் முறை இப்போது இருக்கிறது. அதற்கும் யாராவது ஒரு பகுதி மீன்களைப் புதிய வைரஸுக்குக் காட்டி, எது செத்தது என்று எண்ணித்தான் ஆக வேண்டும். தொட்டிப் பக்கம் உட்கார்ந்து எண்ணுகிற வேலைக்கு மாற்று இன்னும் வரவில்லை.

திலாப்பியாவின் குளம்

இந்த முறை சால்மனோடு நிற்கவில்லை. சுண்டால்சோராவில் உருவான குடும்பத் தேர்வு முறையை வைத்துத்தான் 1988-இல் பிலிப்பைன்ஸில் கிஃப்ட் (மரபுவழியில் மேம்படுத்தப்பட்ட பண்ணைத் திலாப்பியா) திட்டம் தொடங்கியது. சுண்டால்சோரா நிலையத்தை நடத்திய நார்வே நிறுவனமான அக்வாஃபோர்ஸ்க்தான் 1992-இல் புவனேஸ்வரத்தின் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தோடு சேர்ந்து ரோகு இனவிருத்தியைத் தொடங்கியது. சுதந்திரத்தின் பொன்விழாவை ஒட்டி ஜெயந்தி என்று பெயரிடப்பட்ட ரோகு அதுதான். வளர்ச்சிக்காகத் தொடங்கி, பின்னர் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா நோய்க்கு எதிர்ப்பையும் அதில் தேடினார்கள். சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், விஜயவாடா அருகே மாணிகொண்டாவில் கிஃப்ட் திலாப்பியாவின் குடும்பங்களைப் பராமரிக்கிறது.

திலாப்பியாவுக்கு இப்போது சொந்தமாகவே ஒரு வைரஸ் இருக்கிறது, திலாப்பியா ஏரி வைரஸ் என்று பெயர். இந்தியாவிலும் அது கண்டறியப்பட்டிருக்கிறது. 2018-இல் மலேசியாவின் ஜித்ராவில் வேர்ல்ட்ஃபிஷ் அமைப்பு வைத்திருந்த கிஃப்ட் இனவிருத்திக் குளங்களிலேயே அது புகுந்துவிட்டது. பல தலைமுறை உழைப்பு கண்ணெதிரே செத்து மிதக்கிற நிலை. ஆனால் அந்த மீன்களின் உடலில் அடையாளச் சில்லு இருந்தது, பெற்றோர் யார் என்ற பதிவு இருந்தது. எந்த மீன் எந்த நாளில் செத்தது என்று குறித்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக் கடலில் நடந்தது அப்படியே மண் குளத்தில் திரும்ப நடந்தது.

ரோஸ்லின் நிறுவனமும் வேர்ல்ட்ஃபிஷும் சேர்ந்து அந்தப் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டன. 22-ஆம் குரோமோசோமில் ஒரு பெரிய கியூடிஎல். எதிர்ப்பு வடிவம் இரண்டு பிரதி உள்ள மீன்களில் 11 சதவீதம் செத்திருந்தன, இல்லாதவற்றில் 43 சதவீதம். ஐபிஎன் அளவுக்கு எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை, மற்ற இடங்களுக்கும் பங்கு இருக்கிறது. 2019-ஐப் பார்த்த பிறகு அது நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது. குளத்தில் வலை வீசி, செத்த மீனை எடுத்து, சில்லின் எண்ணைப் படித்து, தேதியோடு எழுதி, துடுப்பில் ஒரு துண்டு வெட்டிச் சாராயக் குப்பியில் போட்டு மூடியவர்கள் அன்றைக்கு அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு செய்த வேலை அது.